வால்டர் ஷ்லாஸ்: கம்பெனியைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்த ஃபண்டு மேனேஜர்

பிறர் பணத்தைப் பங்குகளில் போட்டு நிர்வகித்த அமெரிக்கர் வால்டர் ஷ்லாஸ். 1975-ல் அவருடைய ஃபண்டு 52.2 சதவீதம் லாபம் பார்த்தது. அதில் பணம் போட்டிருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 42.7 சதவீதம். மிச்சம் ஒன்பதரை, ஷ்லாஸின் கூலி. லாபத்தில் கால் பங்கு அவருக்கு என்பதுதான் ஒப்பந்தம். அப்படிப் பார்த்தால் 52.2-க்கு 13 சதவீதம் அவர் எடுத்திருக்க வேண்டும். ஏன் ஒன்பதரையோடு நிறுத்திக்கொண்டார்?

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நஷ்டம். 1973-ல் 8 சதவீதம், 1974-ல் 6.2 சதவீதம். கூட்டினால் 14.2. அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்பினார். 52.2-ல் 14.2 போக மீதி 38. அந்த 38-ல்தான் கால் பங்கு எடுத்தார். கணக்குப் போட்டால் சரியாக ஒன்பதரை வரும். அடுத்த வருடம் நிரப்ப வேண்டிய பள்ளம் எதுவும் பாக்கி இல்லை. 1976-ல் 39.2 சதவீத லாபம் வந்தது, பணம் போட்டவர்களுக்கு 29.4 போனது. அச்சாக முக்கால் பங்கு.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1973-லும் 1974-லும் அமெரிக்கச் சந்தையின் எஸ் அண்ட் பி குறியீடு முறையே 14.8, 26.6 சதவீதம் விழுந்தது. 1974-ல் மட்டும் ஷ்லாஸ் சந்தையைவிட 20 புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தார். இன்றைய ஃபண்டு மேனேஜர் என்றால் 'சந்தையை அடித்து நொறுக்கிவிட்டோம்' என்று விளம்பரம் போட்டு போனஸும் வாங்கியிருப்பார். ஷ்லாஸுக்கு அந்த இரண்டு வருடத்துக்கும் கட்டணமாக ஒரு காசு கிடையாது. நிலையான கட்டணம் என்ற ஒன்றையே அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பங்குச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக்கூட ஷ்லாஸ் பெயர் அவ்வளவாகப் பரிச்சயம் இல்லை. வாரன் பஃபெட்டைப் பற்றிய பேச்சில் பழைய நண்பர் என்று ஒரு வரியில் வந்து போவார். என்னைக் கேட்டால், சொந்தக் காசில் நாலு ஷேர் வாங்கும் ஆளுக்கு பஃபெட்டைவிட ஷ்லாஸிடம்தான் விஷயம் அதிகம். பஃபெட்டின் மூளையை யாரும் கடன் வாங்க முடியாது. ஷ்லாஸ் தன் மூளையின் மேல் பெரிய நம்பிக்கை வைக்கவே இல்லை. ஒரு தொழிலின் எதிர்காலத்தைக் கணிப்பது, அதை நடத்தும் ஆட்களை எடைபோடுவது இதெல்லாம் தனக்குக் கைவராது என்று வெளிப்படையாகவே சொல்வார். கைவராததைச் செய்யவேண்டிய நிர்ப்பந்தமே வராதபடி தொழிலை அமைத்துக்கொண்டதுதான் அவருடைய சாமர்த்தியம்.

அவர் பிறந்தது 1916-ல், நியூயார்க்கில். 1929-ன் பங்குச் சந்தைச் சரிவும் அதைத் தொடர்ந்த பெருமந்தமும் குடும்பத்தின் பணத்தைக் கரைத்தன. காலேஜ் பக்கமே போகவில்லை. 1934-ல், 18 வயதில், கார்ல் எம். லோப் என்ற புரோக்கர் கம்பெனியில் 'ரன்னர்' வேலைக்குச் சேர்ந்தார். எல்லாம் காகிதமாக இருந்த காலம். பங்குப் பத்திரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஓடிக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிப் பிரிவில் இடம் கிடைக்குமா என்று அங்கிருந்த அர்மண்ட் எர்ஃப் என்பவரிடம் ஒருநாள் கேட்டார். இடம் கிடைக்கவில்லை, யோசனைதான் கிடைத்தது. பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாட்டும் எழுதிய பங்கு ஆய்வு நூல் அந்த வருடம்தான் வந்திருந்தது, அதைப் படி என்றார் எர்ஃப்.

படித்ததோடு விடவில்லை. நியூயார்க் பங்குச் சந்தையின் பயிற்சி நிலையத்தில் கிரகாம் நடத்திய மாலை வகுப்பிலும் சேர்ந்தார். அந்த வகுப்பில் கிரகாம் அன்றைய சந்தையில் அன்றைய விலைக்குக் கிடைக்கும் நிஜப் பங்குகளையே உதாரணமாக எடுத்து, இது ஏன் மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். பின்னாளில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் தலைவரான கஸ் லெவியும் அங்கே மாணவர். கிரகாம் சொன்னதை வைத்துச் சிலர் வெளியே போய்ப் பணம் பண்ணினார்கள். அதைக் கிரகாம் பொருட்படுத்தவில்லை என்பதை ஷ்லாஸ் பல வருடம் கழித்தும் வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு யுத்தம். நாலு வருடம் ராணுவம். திரும்பி வந்ததும் 1946-ல் கிரகாமின் முதலீட்டுக் கம்பெனியான கிரகாம்-நியூமனில் வேலை கிடைத்தது.

அங்கே அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு செருப்புக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கையில் ரொக்கம் 20 லட்சம் டாலர். கிடங்கில் சரக்கு 50 லட்சம். கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 30 லட்சம். ஆக, ஒரு வருடத்துக்குள் காசாக்கக்கூடிய நடப்புச் சொத்து மொத்தம் 1 கோடி. கம்பெனி கொடுக்க வேண்டிய கடன், பாக்கி எல்லாம் சேர்த்து 40 லட்சம். கழித்தால் 60 லட்சம். வெளியே இருக்கும் பங்குகள் 10 லட்சம் என்றால், பங்கு ஒன்றுக்கு 6 டாலர். ஃபேக்டரிக் கட்டிடம், இயந்திரம், நிலம், பிராண்டு பெயர் எதற்கும் இதில் மதிப்பே போடவில்லை, கவனியுங்கள். இந்த 6 டாலரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 டாலர் அல்லது அதற்கும் கீழே சந்தையில் பங்கு கிடைத்தால் வாங்கு என்பது கிரகாமின் விதி. கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டினாலும் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இப்படி நடக்குமா, யார் 6 டாலரை 4 டாலருக்கு விற்பார்கள் என்று இன்று தோன்றலாம். 1929-ல் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு தலைமுறை பங்கு என்றாலே காத தூரம் ஓடிய காலம் அது. சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டை வரவழைத்துப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. 1930-களின் பிற்பகுதியிலும் 40-களிலும் இம்மாதிரிப் பங்குகள் கொட்டிக் கிடந்தன.

கிரகாம் விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு ஷ்லாஸ் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ராச்செஸ்டர் நகரில் ஹலாய்டு என்றொரு கம்பெனி. புகைப்படக் காகிதம் விற்பது அதன் தொழில், கூடவே ஏதோ ஒரு நகலெடுக்கும் முறைக்கும் உரிமை வைத்திருந்தது. இதை வாங்கலாமே என்று ஷ்லாஸ் கேட்டபோது, போதிய மலிவாக இல்லை என்று கிரகாம் மறுத்துவிட்டார். அந்த ஹலாய்டுதான் பிறகு ஜெராக்ஸ் ஆனது. அதே கிரகாம் 1948-ல் தன் விதியைத் தளர்த்தி கெய்கோ என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதியைச் சுமார் 7 லட்சம் டாலருக்கு வாங்கினார். அது சரிப்பட்டு வராவிட்டால் கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போட்டதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஷ்லாஸிடம் சொன்னாராம். கிரகாம் வாழ்நாளில் மற்ற எல்லா முதலீட்டிலும் சேர்த்துச் சம்பாதித்ததைவிட அந்த ஒன்றில் வந்தது அதிகம். விதியைக் கண்டுபிடித்தவருக்கு விதியைத் தாண்டியதில்தான் பெரும்பணம் வந்தது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். சீடர்கள் இருவர் இதிலிருந்து இரண்டு விதமாகப் பாடம் படித்தார்கள்.

இன்னொரு சீடர் பஃபெட். 1951-ல் மார்ஷல்-வெல்ஸ் என்ற ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். பஃபெட் அப்போது கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். பங்குதாரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத அம்மாதிரிக் கூட்டத்துக்கு வேலைமெனக்கெட்டு வந்த இரண்டு பேருக்குள் சிநேகம் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 1954-ல் பஃபெட்டும் கிரகாம்-நியூமனில் சேர, ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். கிரகாம் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. ஷ்லாஸ் 1955-ல் வெளியே வந்தார். 19 பேர் சேர்ந்து கொடுத்த 1 லட்சம் டாலர்தான் முதல்.

ஆபீஸ் என்று தனியாக எடுக்கவில்லை. ட்வீடி, பிரவுன் என்ற புரோக்கர் கம்பெனியில் ஒரு மேசை போட இடம் கொடுத்தார்கள். யாரும் சீண்டாத, சந்தையில் அதிகம் கைமாறாத பங்குகளை வாங்கி விற்பது அவர்கள் பிழைப்பு, ஷ்லாஸ் வாங்கியதும் அதே ரகம். மதிப்பீட்டு அட்டவணைகள் வரும் 'வேல்யூ லைன்' சந்தா இதழையும் அவர்களிடமே இரவல் வாங்கிப் பார்த்துக்கொண்டார். செக்ரட்டரி இல்லை, குமாஸ்தா இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. 1973-ல் மகன் எட்வின் வந்து சேர்ந்தார். அவர் படித்தது நார்த் கரோலைனா கலைப் பள்ளியில். 1956-ல் ஒரு ஃபைல் அலமாரி இருந்தது, 2002-ல் அது நாலாகப் பெருகியிருந்தது என்று பஃபெட் தன் பங்குதாரர் கடிதத்தில் கிண்டலாகக் குறிப்பிட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் கடைசி வரை கிடையாது. காலையில் பேப்பரில் விலை பார்ப்பார், ஒன்பதரைக்கு வருவார், சந்தை முடிந்ததும் நாலரைக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் என்ன பார்த்தார்? விலை குறைந்து பல வருடக் கீழ்மட்டத்தில் கிடக்கும் பங்குகளின் பட்டியலிலிருந்து தொடங்குவார். கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஆண்டறிக்கையை அனுப்பச் சொல்வார். கடன் எவ்வளவு என்பது முதல் கேள்வி. கடன் அதிகம் என்றால் மேற்கொண்டு படிக்கவே மாட்டார். கம்பெனி 20 வருடமாவது நடந்துகொண்டிருக்கிறதா, டிவிடெண்ட் கொடுத்த வரலாறு உண்டா, இயக்குநர்கள் கையில் கணிசமான பங்கு இருக்கிறதா, பேலன்ஸ் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் குறிப்புகளில் வில்லங்கம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அறுபதுகளில் கிரகாம் விதிக்கு அகப்படும் பங்குகள் அருகிப்போன பிறகு, புக் வேல்யூவுக்கு, அதாவது கணக்குப்படி மொத்தச் சொத்தில் கடனைக் கழித்தால் வரும் தொகைக்கு, கீழே விற்பவற்றுக்கு நகர்ந்தார். ஸ்டீல், சுரங்கம், சிமென்ட், ஜவுளி என்று அழுது வடியும் தொழில்கள்தான் பெரும்பாலும்.

பார்க்காதது இன்னும் முக்கியம். கம்பெனி நிர்வாகிகளைப் போய்ச் சந்திக்க மாட்டார். எல்லா நிர்வாகியும் நேரில் நன்றாகத்தான் பேசுவார், அதில் மயங்கிவிடுவேன் என்ற பயம். அடுத்த காலாண்டு லாபம், வட்டி விகிதம், தேர்தல் எதுவும் கணக்கில் கிடையாது. லாபத்தைவிடச் சொத்தை நம்பினார். லாபம் ஒரே காலாண்டில் தலைகீழாகும், சொத்து மெதுவாகத்தான் மாறும் என்பது அவர் வாதம்.

வாங்கும்போதும் ஒரேயடியாக வாங்க மாட்டார். கொஞ்சம் வாங்குவார், கையில் ஒரு பங்காவது இருந்தால்தான் அதை ஒழுங்காகப் படிக்கத் தோன்றும் என்பார். விலை இன்னும் விழுந்தால் இன்னும் வாங்குவார். தப்பாகப் போகும் சாத்தியம் ஒவ்வொன்றிலும் உண்டு என்று தெரிந்ததால், ஒரே சமயத்தில் 100 பங்குகள் வரை வைத்திருந்தார். சராசரியாக நாலு வருடம் போல ஒன்றைக் கையில் வைத்திருப்பார். நம்மூர்க்காரர் இதைப் பார்த்து மலிவுப் பங்காக அள்ளினால் போதும் என்று கிளம்ப வேண்டாம். இங்கே புக் வேல்யூவுக்குக் கீழே கிடக்கும் பல கம்பெனிகளில் புரொமோட்டரே பணத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பார், பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் சொத்து பேலன்ஸ் ஷீட்டில் மட்டும்தான் இருக்கும். ஷ்லாஸ் பார்த்த அந்தப் பொடி எழுத்துக்கு இங்கே இரண்டு மடங்கு வேலை உண்டு.

இதுவரை சொன்ன எதுவும் ரகசியம் இல்லை. கிரகாமின் நூல் கடையில் கிடைத்தது, ஆண்டறிக்கை கேட்டால் தபாலில் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள். பிறகு ஏன் இவரைப் போல நாற்பத்தேழு வருடம் யாரும் இதையே செய்துகொண்டிருக்கவில்லை? பதில் அவர் ஃபண்டை அமைத்த விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அழுது வடியும் ஜவுளிப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நாலு வருடம் சும்மா இருப்பது தனி ஆளுக்கே கஷ்டம். பிறர் பணத்தை வைத்துக்கொண்டு இருப்பது அதைவிடக் கஷ்டம். வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது வந்து, 'இதை ஏன் வாங்கினீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஐபிஎம் வாங்கி எங்கேயோ போய்விட்டாரே' என்று கேட்பார். ஷ்லாஸ் அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டார். தன்னிடம் என்னென்ன பங்கு இருக்கிறது என்று ஃபண்டில் பணம் போட்ட பங்காளிகளுக்குச் சொல்வதில்லை. நம் மியூச்சுவல் ஃபண்டுகள், சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி, மாதாமாதம் பட்டியல் வெளியிட வேண்டும். முதலீட்டாளரின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் அசிங்கமான பெயர்களைப் பட்டியலில் காட்டக் கூச்சப்படும் மேனேஜரை அது உருவாக்குகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆட்களையும் குறைவாகவே வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டு முதலீட்டுக் கம்பெனிச் சட்டம், 100 பேருக்கு மிகாத தனியார் கூட்டுகளுக்கு விலக்கு தருகிறது. ஷ்லாஸின் பங்காளிகள் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தார்கள், 92 பேர் என்று ஒரு கணக்கு. பலர் பெரும் பணக்காரர்கள் அல்ல, அந்தப் பணத்தை நம்பி இருந்தவர்கள். வருட முடிவில் கைக்கு வந்த லாபத்தை, வேண்டாம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் போக மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதனால் ஃபண்டு ஊதவில்லை. இந்த முறைக்கு ஊதாமல் இருப்பது அவசியம். மொத்தச் சந்தை மதிப்பே சில கோடி டாலர் இருக்கும் கம்பெனியில் 100 கோடி டாலர் ஃபண்டு நுழைந்தால், வாங்கத் தொடங்கியதும் விலை ஏறிவிடும். சொத்தின் மேல் சதவீதக் கட்டணம் வாங்கும் மேனேஜருக்கு ஃபண்டு பெருக வேண்டும், பெருகினால் முறை கெடும். லாபத்தில் மட்டும் பங்கு வாங்கும் ஷ்லாஸுக்குப் பெருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1975-ன் அந்த ஒன்பதரைச் சதவீதம் வெறும் நாணயத்தின் அடையாளம் மட்டுமல்ல. அந்தக் கூலி முறை இல்லாமல் அந்தப் பங்குகளை அவரால் வாங்கியிருக்கவே முடியாது.

அந்தக் கூலி மலிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1984-ல் பஃபெட் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 1956 தொடங்கி 1984-ன் முதல் காலாண்டு வரை 28 வருடம் 3 மாதம். எஸ் அண்ட் பி வருடத்துக்கு 8.4 சதவீதம் கூட்டு வளர்ச்சி. ஷ்லாஸின் ஃபண்டு மொத்தமாக 21.3. கூலி போகப் பங்காளிகளுக்கு 16.1. பத்தாயிரம் டாலர் போட்டவருக்கு இது எப்படி முடியும்? சந்தையில் போட்டிருந்தால் சுமார் 98,700 டாலர். ஷ்லாஸிடம் போட்டு எடுக்காமல் விட்டிருந்தால் சுமார் 6,78,000. கூலியே இல்லாமல் இருந்தால் 23 லட்சத்துக்கு மேல். வருடத்துக்கு ஐந்து சதவீதப் புள்ளி வித்தியாசம், 28 வருடத்தில் முடிவுத் தொகையில் பத்தில் ஏழு பங்கைத் தின்றுவிட்டது. நல்லவராகவே இருந்தாலும், நஷ்டத்தில் கை வைக்காதவராகவே இருந்தாலும், கூட்டு வட்டி கட்டணத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். பங்காளிகள் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. சந்தையைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு கையில் இருக்கும்போது யார் குறை சொல்லப் போகிறார்கள்!

அந்தக் கணக்கு வெளிவந்த சந்தர்ப்பமும் சுவாரசியமானது. கிரகாம்-டாட் நூலின் 50-ஆம் ஆண்டை ஒட்டிக் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்திய கூட்டம். சந்தை எல்லாத் தகவலையும் விலைக்குள் உடனே கொண்டுவந்துவிடும், அதைத் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்தான் என்பது அப்போது பொருளாதாரத் துறைகளில் வேதவாக்கு. அந்தத் தரப்பில் பேராசிரியர் மைக்கேல் ஜென்சன் பேசினார். பஃபெட் நாணயம் சுண்டும் போட்டியைச் சொன்னார். 22.5 கோடி அமெரிக்கர்கள் தினமும் ஒரு தடவை சுண்டினால், இருபது நாள் கழித்து 20 தடவையும் சரியாகச் சொன்ன 215 பேர் மிஞ்சுவார்கள், தங்கள் திறமையைப் பற்றிப் புத்தகமும் எழுதுவார்கள். ஆனால் அந்த 215-ல் 40 பேர் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் அந்த ஊரில் ஏதோ இருக்கிறது என்றுதானே தேடுவோம் என்பது அவர் கேள்வி. கிரகாமின் ஊர்க்காரர்களாக அவர் நிறுத்தியவர்களில் முதல் ஆள் ஷ்லாஸ்.

சாட்சிக்கு பஃபெட்டைவிட ஷ்லாஸ் பொருத்தம் என்பதும் உண்மை. பஃபெட்டின் செல்வம் கைவிரலில் எண்ணக்கூடிய சில பெரிய முடிவுகளில் வந்தது, ஒன்றிரண்டு அதிர்ஷ்டம் என்று வாதிடலாம். ஷ்லாஸ் தன் காலம் முழுக்க வாங்கியது ஏறத்தாழ ஆயிரம் பங்குகள், பெரும்பாலும் சோப்ளாங்கிகள். ஒன்றிரண்டு ஜாக்பாட் அவரைத் தூக்கிவிடவில்லை. உள்தகவலுக்கோ, நிர்வாகிகளின் நட்புக்கோ வழியே இல்லை. ஆயிரம் தடவை சுண்டி இந்த விகிதம் வந்தால் நாணயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எட்டு வருடம் கழித்துப் பேராசிரியர்கள் நாணயத்தைச் சோதிக்கவும் செய்தார்கள். சிறிய கம்பெனிகளும், புக் வேல்யூவோடு ஒப்பிட விலை குறைந்த கம்பெனிகளும் நீண்டகாலத்தில் அதிக வருமானம் தந்திருக்கின்றன என்று 1992-ல் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் காட்டினார்கள். கூடுதல் ரிஸ்க்குக்கான கூலி அது என்பது அவர்கள் தரப்பு, சந்தை தப்பாக விலை போட்டதன் பலன் என்பது மற்றவர்கள் தரப்பு. இந்தச் சண்டை ஓயவில்லை. எது சரியாக இருந்தாலும் ஷ்லாஸுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அவர் சம்பாதித்ததில் ஒரு பெரும் பகுதி, மலிவான சிறு கம்பெனிகளை மொத்தமாக வாங்கிய யாருக்கும் கிடைத்திருக்கக்கூடிய, அப்போது பெயர் வைக்கப்படாத அந்தப் பொதுச் சலுகைதான். இன்று அதையே சொற்பக் கட்டணத்தில், ஒரு பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டாக வாங்கலாம். அவர் தொடங்கிய 1955-ல் அதை வாங்கித் தர அவரைப் போன்ற ஆள்தான் வேண்டும், கால் பங்கு கொடுத்ததில் நியாயம் இருந்தது. இப்போது அதே வேலைக்குக் கால் பங்கு கேட்பவரிடம் நான் பணம் தர மாட்டேன்.

பஃபெட் இதற்கிடையில் வேறு பாதையில் போய்விட்டிருந்தார். 1962-ல் அவர் வாங்கத் தொடங்கிய பெர்க்‌ஷயர் ஹாத்தவே, அசல் கிரகாம் சரக்கு. கடன் போக நின்ற நடப்புச் சொத்துக்கும் கீழே கிடைத்த ஜவுளி மில். தெருவில் கிடக்கும் துண்டுச் சுருட்டு என்று இந்த வகைக்கு அவர் பின்னால் பெயர் வைத்தார், ஓசியில் ஒரு இழுப்பு மட்டும் கிடைக்கும். 1965-ல் கம்பெனியே கைக்கு வந்தது. அங்கேதான் தப்பு. இழுத்துவிட்டு எறிய வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இருபது வருடம் மல்லுக்கட்டி 1985-ல் மில்லை மூடினார். அதற்கு முன்பே, 1972-ல், சீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனியை அதன் சொத்து மதிப்பைப்போல மூன்று மடங்கு விலையாக 2.5 கோடி டாலர் கொடுத்து வாங்கி, நல்ல தொழிலுக்கு நல்ல விலை கொடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஷ்லாஸ் எந்த மில்லையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. எந்தக் கம்பெனியையும் அவர் திருத்தப் போனதில்லை. விலை ஏறியதும் விற்றார், அடுத்ததைத் தேடினார்.

ஏறியதும் விற்பதில் இழந்ததும் நிறைய. சவுத்டவுன் என்ற சிமென்ட் கம்பெனியை 12 டாலர் சொச்சத்துக்கு வாங்கி, இரண்டு வருடத்தில் 30-ஐ ஒட்டி விற்றுவிட்டுச் சந்தோஷப்பட்டார். அப்புறம் ஒருநாள் பார்த்தால் விலை 70. இப்படித்தான் நடக்கும், வாங்குவதைவிட விற்பதுதான் கஷ்டம் என்று அவரே சொல்லிக்கொள்வார். தொழிலின் தரத்தை எடைபோடாத முறையில், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தெரிய வழியே இல்லை.

1994 மார்ச்சில் தன் முறையை ஒரே பக்கத்தில், 16 வரிகளாக டைப் அடித்தார். அதில் ஒரு வரி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 125-க்குப் போன பங்கு 60-க்கு விழுந்தால் மலிவாகத் தெரியும், ஆனால் மூன்று வருடம் முன்பு அது 20-ல் இருந்திருக்கலாம் என்கிறது அது. கிரிப்டோவிலும் புதுப் பங்கு வெளியீடுகளிலும் 'பாதி விலைக்கு வந்துவிட்டது' என்று பாயும் நண்பர்களுக்கு இந்த ஒரு வரியை மட்டும் நான் அனுப்புவதுண்டு. பலன் இருந்ததில்லை.

இணையக் கம்பெனிகளின் பங்குகள் எகிறிய டாட்காம் காலத்தில் அவர் வாங்கும் ரகத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யாஹூ, அமேசான் இரண்டையும் ஷார்ட் அடித்தார், அதாவது விலை விழும் என்று பந்தயம் கட்டினார், வழக்கமாகப் பிடிக்காத காரியம் அது. சந்தை சரிந்த 2000, 2001 இரண்டு வருடமும் ஃபண்டு லாபத்தில் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எட்வினால் மலிவான பங்கு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிடைக்கவில்லை என்றால் எதற்குப் பிறர் பணத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? 2002 முடிவோடு ஃபண்டை மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஷ்லாஸுக்கு வயது 86. அதன் பிறகு தன் சொந்தப் பணத்துக்கு மட்டும் வேல்யூ லைனைப் புரட்டிக்கொண்டிருந்தார். 2012 பிப்ரவரியில், 95 வயதில் காலமானார். பங்காளிகள் சம்பாதித்தாலன்றி அவர் சம்பாதித்ததில்லை என்பதை முதலீட்டுத் திறமைக்கும் மேலாகக் குறிப்பிட்டு பஃபெட் அஞ்சலி செலுத்தினார்.

ஷ்லாஸ் மூடியதற்குப் பிறகு 2007 தொடங்கி 2020 வரை அமெரிக்காவில் மலிவுப் பங்குகள், வேகமாக வளரும் கம்பெனிகளின் பங்குகளிடம் அடிமேல் அடி வாங்கின. ஆண்டறிக்கைக்கு ஃபோன் போட்டுக் காத்திருந்த காலம் போய், புக் வேல்யூவுக்குக் கீழே விற்கும் எல்லாப் பங்கையும் ஒரு நொடியில் பட்டியல் போடும் இணையதளம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பட்டியலில் மிஞ்சுபவை பெரும்பாலும் மிஞ்சவேண்டிய காரணத்தோடுதான் மிஞ்சுகின்றன. ஆனால் ஜப்பானில் நிலைமை வேறு. ரொக்கத்தைக் குவித்து வைத்துக்கொண்டு, கடனில்லாமல், பங்குதாரரைக் கண்டுகொள்ளாமல் பல வருடம் ஓட்டிய கம்பெனிகள் அங்கே ஏராளம். 2023 மார்ச்சில் டோக்கியோ பங்குச் சந்தை தன் கம்பெனிகளைக் கூப்பிட்டு, மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவையும் பங்கு விலையையும் மனதில் வைத்து நிர்வாகம் செய்யுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றது. அங்கே முதல் நிலைப் பிரிவில் இருந்த கம்பெனிகளிலேயே ஏறத்தாழ பாதி அப்போது புக் வேல்யூவுக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தன. கிரகாம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஃபண்டு மேனேஜர்கள் இப்போது டோக்கியோவுக்குத்தான் விமானம் ஏறுகிறார்கள், நிர்வாகிகளைச் சந்திக்க. ஷ்லாஸ் என்றால் அறிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருப்பார்.